வண்டிக்குள் புகை வரலாமா?

நம் நாட்டில் பழைய ஜீப் வண்டிகள் நிறைய ஓடுகின்றன. டாடா சுமோ வண்டி 1994-ஆம் ஆண்டு வந்தது. 2019-இல் அதைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் மலை ஊர்களில் அது இன்றும் ஓடுகிறது. சிலிகுரியிலிருந்து டார்ஜிலிங் மலைக்கு ஷேர் ஜீப்புகள் போகின்றன. குளிர் காலத்தில் ஜன்னல்களை மூடிக்கொண்டு ஆட்கள் நெருக்கமாக உட்கார்ந்து போகிறார்கள்.

பாதி வழியில் சிலருக்குத் தலை வலிக்கிறது. வாந்தி வருகிறது. "மலைப் பாதை ஒத்துக்கொள்ளவில்லை" என்கிறார்கள். "பித்தம்" என்கிறார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் வேறு ஒரு காரணமும் இருக்கலாம். அது வண்டியின் புகை.

புகையில் என்ன இருக்கிறது?

எஞ்சினில் எரிபொருள் எரிகிறது. அது முழுவதும் எரியாதபோது கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டாகிறது. இதற்கு நிறம் இல்லை. மணமும் இல்லை. கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கும் தெரியாது.

நம் இரத்தம் பிராணவாயுவை உடல் முழுவதும் சுமந்து செல்கிறது. இந்த விஷ வாயு, பிராணவாயுவை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இரத்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. பிராணவாயுவுக்கு இடம் இல்லாமல் போகிறது. முதலில் தலைவலி. பிறகு மயக்கம், குமட்டல், குழப்பம். பிறகு நினைவு தப்புகிறது. உயிரே போகலாம்.

பெட்ரோல் எஞ்சினில் இந்த வாயு அதிகம். டீசல் எஞ்சினில் குறைவு. அதனால் டீசல் புகை நல்லது என்று நினைக்க வேண்டாம். அதில் உள்ள கரித்தூள் நுரையீரலைக் கெடுக்கும். டீசல் புகை புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் அறிவித்தது.

பின்னால் போகும் புகை உள்ளே எப்படி வருகிறது?

மண் சாலையில் போகும் ஜீப்பைப் பாருங்கள். அதன் பின்பக்கக் கண்ணாடியில்தான் தூசி அப்பிக் கிடக்கும். ஏன்? வண்டி முன்னால் போகும்போது பின்னால் ஒரு வெற்றிடம் போல உண்டாகிறது. அதை நிரப்பக் காற்று சுழன்று வருகிறது. அந்தக் காற்றோடு தூசியும் வருகிறது. புகையும் அப்படித்தான் வருகிறது. பின்கதவு சரியாக மூடாவிட்டால் புகை உள்ளே இழுக்கப்படும். பின் ஜன்னல் திறந்திருந்தாலும், தார்ப்பாய் கிழிந்திருந்தாலும் அதே கதைதான். கடைசி இருக்கையில் இருப்பவர்களுக்கே முதலில் பாதிப்பு. அங்கே பெரும்பாலும் யாரை உட்கார வைக்கிறோம்? குழந்தைகளை.

இன்னொரு வழியும் உண்டு. எஞ்சினிலிருந்து சைலன்சர் வரை போகும் குழாயில் ஓட்டை விழலாம். அப்போது வண்டியின் அடியிலேயே புகை கசியும். தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டையாக இருந்தால் புகை நேராக உள்ளே ஏறும்.

தரையில் உள்ள ஓட்டை சிறியதுதானே என்று விட்டுவிடக் கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் நிறுத்தி வைத்திருந்த ஒரு கேரவன் வண்டிக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். வண்டியில் ஓடிய ஜெனரேட்டரின் புகை, தரையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்தது என்று ஆய்வில் தெரிந்தது.

நீங்களே சோதிக்கலாம்

1. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யுங்கள். பானெட்டைத் திறந்து காது கொடுத்துக் கேளுங்கள். 'டிக் டிக்' என்றோ 'புஸ் புஸ்' என்றோ சத்தம் வந்தால் குழாய் இணைப்பில் கசிவு இருக்கலாம்.

2. எஞ்சினை அணைத்து, குழாய் நன்றாக ஆறிய பிறகு, டார்ச் விளக்கோடு வண்டியின் அடியில் பாருங்கள். இணைப்புகளில் கறுப்புக் கரி படிந்திருந்தால் அங்கே புகை கசிகிறது.

3. புகைக்குழாயின் முனை, வண்டியின் உடலைத் தாண்டி வெளியே நீட்டியிருக்க வேண்டும். உடைந்து குட்டையாகி, அடியிலேயே முடிந்திருக்கக் கூடாது.

4. கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்துக் கதவை மூடுங்கள். காகிதத்தை இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது. கதவைச் சுற்றிப் பல இடங்களில் இப்படிப் பாருங்கள். பின்கதவை மறக்க வேண்டாம்.

5. தரை விரிப்பைத் தூக்குங்கள். ஒருவர் அடியிலிருந்து டார்ச் அடிக்கட்டும். உள்ளே வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் புகை வரும் வழி. கியர் கம்பியைச் சுற்றியுள்ள ரப்பரையும் ஒயர் போகும் துளைகளையும் பாருங்கள்.

எதை முதலில் சரி செய்வது?

முதலில் கசிவை நிறுத்த வேண்டும். கேஸ்கட் போயிருந்தால் மாற்ற வேண்டும். சைலன்சர் ஓட்டையை வெல்டிங் வைத்து அடைக்கலாம். மிகவும் அரித்திருந்தால் புதிதாகப் போட வேண்டும். துணி சுற்றுவதும் சோப்பு அப்புவதும் சூட்டில் நிற்காது. அடுத்து, தரை ஓட்டைகளைத் தகடு வைத்து அடைக்க வேண்டும். பிறகு கதவு ரப்பரை மாற்ற வேண்டும்.

சிலர் வண்டிக்குள் ஊதுவத்தி கொளுத்துகிறார்கள். வாசனை மருந்து வைக்கிறார்கள். அதனால் புகை நாற்றம் மறையும். விஷம் மறையாது.

ஓட்டுநர் சம்பளத்துக்கு ஓட்டுபவராக இருக்கலாம். "பழுது பார்க்கக் காசு இல்லை" என்று முதலாளி சொல்லலாம். ஆனால் புகையில் முதலில் மந்தமாவது ஓட்டுநரின் மூளையாக இருந்தால் என்ன ஆகும்? மலைப் பாதையில் வண்டியில் உள்ள எல்லோர் உயிரும் அவர் கையில் இருக்கிறது. அதனால் பயணிகளும் வாய் திறந்து கேட்க வேண்டும்.

வழியில் புகை வந்தால்

ஒருவருக்கு மட்டும் குமட்டினால் அது பயணக் கோளாறாக இருக்கலாம். பலருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால், இறங்கிக் காற்று வாங்கியதும் குறைந்தால், புகையைச் சந்தேகப்படுங்கள்.

முன் ஜன்னல்களைத் திறங்கள். பின் ஜன்னலை மட்டும் திறந்தால் புகை கூடுதலாக வரும். வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லோரும் இறங்குங்கள். யாராவது மயங்கியிருந்தால் திறந்த வெளிக்குத் தூக்கி வாருங்கள். உடனே 108-க்குச் சொல்லுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மருத்துவரிடம் "வண்டிப் புகை" என்று மறக்காமல் சொல்லுங்கள். பிராணவாயு கொடுத்தால் பிழைக்க வழி உண்டு.

நினைவில் வையுங்கள்

மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள்.
எஞ்சினை ஓட விட்டு, கதவை அடைத்துக்கொண்டு வண்டிக்குள் தூங்காதீர்கள்.
பின்கதவைத் திறந்து வைத்து வண்டியை ஓட்டாதீர்கள்.

பேசிப் பாருங்கள்

உங்கள் ஊருக்கு வரும் ஜீப்பின் பின்கதவு சரியாக மூடுகிறதா?
கடைசி இருக்கையில் யார் உட்காருகிறார்கள்?
காகிதச் சோதனைக்குச் செலவு ஏதும் உண்டா? அதை நாளைக்கே யார் செய்வது?