பேர் வெட்டாத கொட்டான்

இராயவரம், அரிமளம், விராச்சிலை, குழிபிறை எனப் புதுக்கோட்டை மாவட்டத்து நகரத்தார் ஊர்களில் ஒரு பழைய வீட்டைப் பிரித்தால், தேக்குத் தூண்கள் முதலில் விலைபோகும். பித்தளை அண்டாக்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போகும். சாமான் அறையில் கடைசியாகக் கிடப்பது கொட்டான். பனங்குருத்தோலையைக் காயவைத்து, சாயமேற்றி, கிழித்து ஆச்சிமார் முடைந்த கூடை. சதுர அடியில் தொடங்கி வட்ட வாயில் முடியும். மேலே மணியோ குரோஷாப் பின்னலோ கோத்த உறை. கல்யாணச் சீரில் பூவும் பழமும் வெற்றிலையும் சுமந்தது இதுதான்.

பழங்கொட்டானைத் தேடிச் சேர்ப்பவர்கள், மத்திய ஆசியாவின் துர்க்மேனியரை அறிந்துகொள்வது நல்லது. அந்த நாடோடிக் குலப் பெண்கள் கூடாரத்தில் துணிமணி வைக்க ‘சுவால்’ என்ற பெரிய கம்பளிப் பையை நெய்தார்கள். கல்யாண ஊர்வல ஒட்டகத்தின் விலாவில் தொங்கவிட ‘அஸ்மாலிக்’ நெய்தார்கள். 1881-ல் கியோக் தேப்பே கோட்டை ரஷ்யரிடம் விழுந்தது, ரயில் வந்தது, வீட்டுக்கென நெய்தவை சந்தைக்குப் போயின. நம்மூரிலும், நகரத்தார் தொழில் நடத்திய பர்மாவுக்குள் 1942-ல் ஜப்பானியப் படை புகுந்ததும், பின்னர் அங்கே தொழில்கள் அரசுடைமையானதும் பல வீடுகளின் வருவாயை முறித்தன. சாமான் அறைகள் திறந்தன.

ரஷ்ய அதிகாரி பொகோல்யுபொவ் அந்த நெசவுகளைச் சேர்த்து, 1908-ல் குலவாரியாகப் பிரித்து நூலாக்கத் தொடங்கினார். ‘குல்’ எனும் எண்கோண வடிவைப் பார்த்துத் தெக்கே, யோமுத், சலோர் என்று இன்றும் அடையாளம் சொல்கிறார்கள். நெய்தவள் யார் என்று மட்டும் தெரியாது. இந்த இழப்பு எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம்மிடமும் அண்டாவில் உடையவர் பேர் வெட்டியிருக்கும். ஓலையில் எதை வெட்டுவது?

முடையும் கைத்திறன் அழியவில்லை. விசாலாட்சி ராமசாமியின் எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை கிராமப் பெண்களுக்குக் கொட்டான் முடையப் பயிற்சி தந்தது. யுனெஸ்கோவின் கைவினைச் சிறப்புச் சான்றும் கிடைத்தது. புதுக் கொட்டான் கிடைக்கும். பழையதன் சேதிதான் ஒரு கைமாற்றத்தில் போய்விடும்.

ஆகவே, வாங்குவோர் விலை பேசுமுன் வீட்டிலிருக்கும் வயதான ஆச்சியிடம் கேட்க வேண்டும்: எந்த ஊர், யார் கல்யாணம், முடைந்தது யார்? பதிலை ஒரு தாளில் எழுதி, கொட்டானுக்குள்ளேயே போட்டுவைக்கலாம்.