குதிரைக்காக நின்ற கடிகாரம்

டயல் பெரியது. ஆனால் மணி என்ன என்று பார்க்கக் கண்ணை இடுக்கிக்கொள்ள வேண்டும். மணிக்கும் நிமிடத்துக்கும் அடியில் ஒரு சின்ன வட்டம்தான் ஒதுக்கீடு. மற்ற இடமெல்லாம் குதிரைக்கு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வால்த்தம் ஆலை 1850களின் இறுதியில் தயாரித்த குரோனோட்ரோமீட்டர் என்ற பாக்கெட் கடிகாரத்தின் முகம் இது.

அன்றைய அமெரிக்கர்களின் மோகம் வண்டிக் குதிரைப் பந்தயம். நாலுகால் பாய்ச்சல் கூடாது. லேசான வண்டியை இழுத்துக்கொண்டு ஓட்டநடையிலேயே ஒரு மைலைக் கடக்க வேண்டும். 1845இல் லேடி சஃபோக் என்ற பெட்டைக் குதிரை எடுத்துக்கொண்டது 2 நிமிடம் 29½ விநாடி. 1859 அக்டோபரில் மிச்சிகன் மாநிலத்துக் கலமஸூவில் ஃப்ளோரா டெம்பிள் அதை 2 நிமிடம் 19¾ விநாடியாக்கியது. பந்தயப் பணம் கைமாறக் கால் விநாடி போதும் என்ற நிலை.

வால்த்தம் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டது. வழக்கமாக ஒரு மணி நேரத்தில் சுற்றி வரும் நடுமுள்ளை 4 நிமிடத்தில் சுற்ற வைத்தார்கள். எந்த நல்ல குதிரையும் அதற்குள் மைலை முடித்துவிடும். கால் விநாடிக்கு மேலே தனி வட்டம்.

சிக்கல் விசையில் இருந்தது. அதை அழுத்தினால் முள் மட்டுமல்ல, கடிகாரமே நின்றுவிடும். முள்ளைத் துவக்கப் புள்ளியில் நிறுத்திக்கொண்டு, குதிரைகள் ஒழுங்காகப் புறப்படும்வரை காத்திருக்கும் சொந்தக்காரர் அன்றைய மணியைக் கோட்டைவிட்டிருப்பார். அவருக்கு அது பெரிய நஷ்டமில்லை. ரயில் கம்பெனிகள் பொது நேரத்தைக் கொண்டுவந்தது 1883இல்தான். அதுவரை ஊருக்கு ஊர் மணி வேறு.

ஆனால் ஆலைக்கு இது விளையாட்டல்ல. 1857இல் திவாலாகி, ஏலத்தில் ராயல் ராபின்ஸ் கைக்குப் போன நிறுவனம் அது. புதுச் சரக்கு விற்றாக வேண்டிய கட்டாயம். பந்தயக் கடிகாரம் கைகொடுக்கவில்லை. தயாரானது சில நூறுதான். ஆலையைத் தூக்கி நிறுத்தியது 1861இல் மூண்ட உள்நாட்டுப் போர். சிப்பாய்கள் வாங்கியது 'வில்லியம் எல்லரி' என்ற மலிவு ரகத்தை. அதில் ஒன்று லிங்கனிடமும் இருந்தது.

நேரம் காட்டுவதை நிறுத்தாமலே பந்தயத்தை அளக்கும் குரோனோகிராஃப்களை வால்த்தம் 1880களில் செய்தது. அதற்குள் சுவிஸ்காரர்கள் அதில் கைதேர்ந்திருந்தார்கள். 1957இல் கடிகாரத் தயாரிப்பே நின்றுபோனது. சார்லஸ் நதிக்கரையில் இருக்கும் பழைய ஆலைக் கட்டடத்தில் இப்போது அலுவலகங்களும் குடியிருப்புகளும்.