பொடியின் ஓட்டத்தை அளக்கும் பிளேடு

பொடி எப்படி ஓடும் என்பதை ஒரே எண்ணில் சொல்லிவிட முடியாது. தண்ணீர், எண்ணெய் போன்ற திரவங்களுக்குப் பாகுநிலை என்ற ஓர் அளவு பெரும்பாலும் போதும். பொடியோ திடத்துகள்களும், அவற்றுக்கு நடுவே சிக்கிய காற்றும், கொஞ்சம் ஈரமும் சேர்ந்தது. படியில் அளந்த மாவை இரண்டு தட்டுத் தட்டினால் மட்டம் இறங்கிவிடுகிறது. மாவும் எடையும் அதேதான், ஆனால் அது இனி ஓடும் விதம் வேறு. அளப்பதற்கு முன் பொடிக்கு என்ன நேர்ந்தது என்பதும் அளவில் வந்து சேர்ந்துவிடுகிறது.

இதன் விளைவை மாத்திரை ஆலைகளில் நேரடியாகப் பார்க்கலாம். அச்சுக்குழிக்குள் மருந்துத்தூள் இறங்க நொடியில் ஒரு பங்கு நேரமே கிடைக்கிறது. அதற்குள் அது சீராக இறங்காவிட்டால் மாத்திரைக்கு மாத்திரை எடை மாறும், மருந்தளவும் மாறும். குவியலின் சாய்வுக் கோணம், துளை வழியே இறங்கும் வேகம், தட்டுவதற்கு முன்னும் பின்னும் உள்ள அடர்த்தி ஆகிய பழைய சோதனைகள் எளியவை, செலவும் குறைவு. ஆனால் அவற்றில் ஒரே எண்ணைக் காட்டும் இரண்டு தூள்கள் இயந்திரத்தில் வேறு வேறாக நடந்துகொள்வதுண்டு.

அந்தக் குறையைப் போக்க வந்ததே பவுடர் ரியோமீட்டர். பிரிட்டனின் ஃப்ரீமேன் டெக்னாலஜி நிறுவனத்தின் எஃப்டி4 கருவியில், 50 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடி உருளைக்குள் 48 மி.மீ. பிளேடு சுழன்றுகொண்டே இறங்கும். சுழற்றத் தேவைப்படும் முறுக்கு விசையும், கீழே தள்ளத் தேவைப்படும் விசையும் தொடர்ந்து பதிவாகின்றன. பிளேடு கடந்த தூரத்தோடு இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், பொடியை நகர்த்தச் செலவான ஆற்றல் மில்லிஜூலில் கிடைக்கும்.

அந்த எண் நம்பத்தக்கதா என்பது பெரும்பாலும் பிளேடின் வடிவத்தைப் பொறுத்தது. நேரான துடுப்பு ஒன்றை ஒரே உயரத்தில் சுழற்றினால், அது முதல் சுற்றிலேயே தன் பாதையிலுள்ள பொடியை ஒதுக்கிவிட்டு, தான் உண்டாக்கிய பள்ளத்திலேயே சுற்றும். தட்டையான வட்டத்தகடு கீழே அமுக்கினால் பொடி இறுகுமே தவிர ஓடாது. திருகுப் பாதையில் இறங்கும் பிளேடு நொடிக்கு நொடி தொடாத பொடியைச் சந்திக்கிறது.

பிளேடு முறுக்கப்பட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. நுனி 5 பாகைச் சரிவில் இறங்குவதாகக் கொண்டால், 48 மி.மீ. பிளேடு ஒரு சுற்றுக்குச் சுமார் 13 மி.மீ. கீழே போகும். ஆனால் தண்டிலிருந்து 6 மி.மீ. தள்ளியுள்ள பகுதி அதே ஒரு சுற்றில் மிகச் சிறிய வட்டத்தையே கடக்கிறது. அதன் பாதைச் சரிவு 19 பாகையைத் தாண்டிவிடும். பிளேடு முழுவதும் ஒரே சாய்வில் இருந்தால் ஓரிடம் பொடியை வெட்டும், இன்னோரிடம் அமுக்கும். முறுக்கு இந்த வேறுபாட்டைச் சமாளிக்கிறது.

சுழற்சியின் திசையை மாற்றினால் அதே பிளேடு வேறு வேலை செய்கிறது. ஒரு திசையில் பொடியை முன்னே தள்ளி நெருக்குகிறது, அதுவே அளவீடு. எதிர்த்திசையில் மெல்ல வெட்டித் தூக்கி விடுகிறது. ஒவ்வோர் அளவீட்டுக்கும் முன் இப்படித் தளர்த்துவதால், கொட்டியபோது ஏற்பட்ட இறுக்கமும் அதிகப்படிக் காற்றும் நீங்கி, பொடி ஒரே தொடக்க நிலைக்கு வருகிறது. யார் கொட்டினாலும் முடிவு ஏறக்குறைய ஒன்றாக வருவதற்கு இந்தப் படியே முக்கியக் காரணம்.

கிடைத்த எண்ணைப் படிப்பதில் அவசரம் கூடாது. அதிக ஆற்றல் தேவைப்பட்டால் பொடி மோசமாக ஓடும் என்று தோன்றும், ஆனால் எப்போதும் அப்படியல்ல. நெருக்கமாக அமர்ந்த கரடுமுரடான துகள்கள் பிளேடின் தள்ளலை நெடுந்தூரம் கடத்துவதால் அதிக ஆற்றலைக் கேட்கும். ஒட்டும் தன்மையுள்ள நுண்தூளில் காற்றிடைவெளி அதிகம், அது பிளேடின் முன் அமுங்கிக்கொடுக்கும், ஆற்றல் குறைவாகவே பதிவாகலாம். ஆகவே பிளேடு மேலேறும்போதும் தனியாக அளக்கிறார்கள். அப்போது கீழ்நோக்கிய நெருக்கம் இல்லாததால், துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் தன்மை தெளிவாகத் தெரியும். ஒரே சோதனையைப் பலமுறை திருப்பிச் செய்து, பிறகு நுனி வேகத்தை நொடிக்கு 100 மி.மீ.இலிருந்து 10 மி.மீ. வரை படிப்படியாகக் குறைப்பதும் வழக்கம். துகள் உடைகிறதா, வேகம் குறைந்தால் தடை கூடுகிறதா என்பது இதில் வெளிப்படும்.

பிளேடின் நுனிக்கும் கண்ணாடிச் சுவருக்கும் நடுவே இருப்பது 1 மி.மீ. இடைவெளி. அந்த அளவை நெருங்கும் துகள்கள் அங்கே சிக்கினால் பதிவாவது பொடியின் தடை அல்ல, நெரிசலின் தடை. உலோகத்தூள் போன்ற கரடான பொருள்கள் விளிம்பைத் தேய்க்கும். ஒட்டும் பொடி முகப்பில் படிந்து வடிவத்தையே மாற்றும். அதனால் பிளேடை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்வதும், தேய்மானத்தைச் சோதிப்பதும் அளவீட்டோடு சேர்ந்த வேலைகள். வேறு வடிவமோ விட்டமோ கொண்ட பிளேடில் எடுத்த எண்களை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. பிளேடு, உருளை, பாதைச் சரிவு, வேகம் ஆகியவற்றையும் முடிவோடு குறித்து வைத்தால்தான் இன்னோர் ஆய்வகம் அதே சோதனையைச் செய்து பார்க்க முடியும்.