பூசுகிற மருந்தும் தாய்ப்பாலும்

யாழ்ப்பாணம் மருதனார்மடத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் நமது தோட்டத்துச் சகோதரி ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. கையில் மூன்று மாதப் பிள்ளை. அவருக்கு விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் இராவில் தாங்க முடியாத கடி. சொறி என்று வைத்தியர் பேர்மெத்ரின் கிறீம் கொடுத்திருக்கிறார். வீட்டிலோ, "மருந்து பாலிலே இறங்கும், பிள்ளைக்குப் பால்மா கரைச்சுக் கொடு" என்கிறார்களாம். "மருந்தைப் பூசவா, பாலைக் கொடுக்கவா?" என்று கேட்கிறார். லயத்துத் தாய்மாரும் இதையே கேட்பதால் எல்லோருக்குமாகப் பதில் எழுதுகிறோம்.

இரண்டையும் செய்யலாம். தோலில் பூசும் மருந்தில் சிறு பங்கே இரத்தத்தில் சேரும். அதிலும் மிகச் சிறு பங்கே பாலுக்குப் போகும். பேர்மெத்ரினுக்காகப் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்தினால் மார்பு கட்டிக்கொள்ளும், பாலும் குறையும். நாம் கவனிக்க வேண்டியது, பூசிய இடத்தில் பிள்ளையின் வாயும் கையும் படாமல் பார்ப்பதைத்தான்.

5 சதவீதப் பேர்மெத்ரினை இரவில் கழுத்திலிருந்து கால்விரல் வரை பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். இடையில் பிள்ளை பாலுக்கு அழுதால், மார்பையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் கொடுங்கள். குடித்து முடிந்ததும் அந்த இடத்தில் திரும்பப் பூசுங்கள். ஒரு கிழமை கழித்து இன்னொரு தடவை பூச வேண்டும். ஒரே காம்பராவில் படுக்கிற எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து போடாவிட்டால் சொறி திரும்பி வரும். துணிமணி, போர்வையைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். மருந்து வேலை செய்த பிறகும் இரண்டு, மூன்று கிழமை கடி இருக்கலாம். அதற்காகத் தினமும் பூச வேண்டாம். பிள்ளைக்கு எதைப் பூசுவது என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளை என்றால் இன்னும் கவனம்.

எல்லாக் கிறீமும் ஒன்றல்ல. படர்தாமரைக்குக் கொடுக்கும் குளோட்ரிமசோல் பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்றதே. ஆனால் ஸ்டீரொயிட் கலந்த வலுவான கிறீமை நாமாக வாங்கிப் பூசக் கூடாது. முலைக்காம்பில் அப்படிப்பட்ட மருந்தைத் தொடர்ந்து பூசிய தாயின் இரண்டு மாதப் பிள்ளைக்கு இரத்த அழுத்தம் கூடிய சம்பவம் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. வெள்ளையாக்கும் கிறீம் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது பாலிலும் போகும், கைபட்டும் போகும். அவற்றை அறவே விடுங்கள். கற்பூரம் சேர்ந்த தைலத்தை மார்பில் தேய்க்காதீர்கள். அது கைக்குழந்தைக்கு ஆகாது.

காம்பு வெடித்திருந்தால், பால் கொடுத்த பின் தன் பாலிலேயே இரண்டு துளி தடவிக் காயவிடுங்கள். பிள்ளை வாயை அகலத் திறந்து பிடிக்கிறதா என்று மிட்வைப் அம்மாவிடம் காட்டுங்கள். பிள்ளையின் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்தே மருந்து வேண்டும்.

கொழுந்து பறித்துவிட்டுப் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடி வருகிற தாய்மாரே, மகப்பேற்று நன்மைகள் சட்டப்படி ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை உங்களுக்கு உண்டு. பிள்ளைக்காம்பரா உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணி நேரம். கை கழுவ அதிலே நேரம் இருக்கிறது.

டிஸ்பென்சரியிலோ மருந்துக்கடையிலோ முதல் வார்த்தையாக, "நான் பால் கொடுக்கிறேன்" என்று சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் கிறீம் குழாயையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.