முரட்டுச் சிநேகமும் பிள்ளை மனமும்

தம் பிள்ளை ஒரு முரட்டுப் பையனோடு சிநேகம் கொண்டிருப்பதை அறிந்த பெற்றோர், அவன் அடிக்கக் கற்றுக்கொடுத்துவிடுவானோ, வசைமொழி பழக்கிவிடுவானோ என்றுதான் முதலில் அஞ்சுகிறார்கள். அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் தாமஸ் டிஷனும் அவருடைய சகாக்களும் நடத்தி 1996-இல் வெளியிட்ட ஆராய்ச்சியோ, அபாயம் அதைவிட நுட்பமானதோர் இடத்தில் ஒளிந்திருப்பதைக் காட்டிற்று. 13, 14 வயதுப் பையன்களை, ஒவ்வொருவனையும் அவனுடைய நண்பனோடு உட்காரவைத்து, ஏறக்குறைய 25 நிமிஷம் பேசவிட்டு, அந்தச் சம்பாஷணையைப் படம்பிடித்து, ஒருவனுடைய எந்தப் பேச்சுக்கு மற்றவன் சிரித்தான், எதற்கு மௌனம் சாதித்தான் என்று அவர்கள் பொறுமையாகக் கணக்கிட்டார்கள். ஒழுங்குமீறலைப் பற்றிய பேச்சுக்கே சிரிப்பு எழுந்த ஜோடிகளைச் சேர்ந்த பையன்கள்தாம் பின்னாளில் அத்தகைய செயல்களில் அதிகமாக இறங்கினார்கள். அங்கே ஒருவரும் துர்ப்போதனை செய்யவில்லை. தோழனுடைய சிரிப்பே போதுமான சன்மானமாயிற்று. அந்த வயதில் அதனினும் பெரிய பரிசு வேறு எது?

மனத்துக்கு நேரும் துன்பம் வேறு வகைப்பட்டது. அதே ஆண்டில் ஜெனிபர் குரோட்பீட்டரும் நிக்கி கிரிக்கும் வெளியிட்ட ஆய்வின்படி, கைகலக்கும் சுபாவமுள்ள பிள்ளைகள் தம் நண்பர்களோடு சேர்ந்துகொண்டு பிறரைத் தாக்குகிறார்கள். புறம்பேசியும் ஒதுக்கிவைத்தும் பிறரை நோகச் செய்யும் பிள்ளைகளின் சிநேகத்திலோ, ரகசியங்களைப் பகிர்ந்துகொள்ளும் அந்தரங்கமும், என்னைத் தவிர வேறு யாரோடும் பழகாதே என்னும் நிர்ப்பந்தமும் மிகுந்திருக்க, அந்த ஆயுதம் தோழமைக்குள்ளேயே பிரயோகிக்கப்படுகிறது. தன் ரகசியங்கள் எல்லாம் ஒருத்தியின் கையில் இருக்க, அவள் எந்த நிமிஷம் முகம் திருப்பிக்கொள்வாளோ என்று தவிக்கும் சிறுமியின் உடம்பில் காயம் இராது. ஆதலால் பெரியவர்கள் கண்ணில் அது படுவதுமில்லை. அடிதடியைக் காட்டிலும் இதுவே அதிகக் கவலைக்குரியது என்பது என் அபிப்பிராயம்.

முரட்டுச் சிநேகத்தின் தீங்குகளுக்கு நல்லெண்ணம் ஒன்றே பரிகாரமாகிவிடாது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939-இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்-சாமர்வில் திட்டம், பையன்கள் வழிதவறாதிருக்க ஆலோசகர்களை நியமித்து, பலரைக் கோடைக்கால முகாம்களுக்கும் அனுப்பியது. ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்குப்பின் ஜோன் மெக்கார்டு அந்தப் பையன்களைத் தேடிப் பார்த்தபோது, உதவி பெறாதவர்களைக் காட்டிலும் பெற்றவர்களே சில விதங்களில் நலிந்திருந்தார்கள். முகாமுக்கு ஒருமுறைக்கு மேல் சென்றவர்களிடத்தில் அந்தத் தீங்கு அதிகமாகக் காணப்பட்டது. அங்கே ஒன்றுகூடிய தோழர்களின் சிரிப்பே அதற்குக் காரணமாயிற்றோ என்னவோ.

ஆகையால் ஆசிரியர்களே, முரட்டுப் பிள்ளைகளையெல்லாம் திரட்டி ஒரே பெஞ்சில் தள்ளிவிடாதீர்கள், சாந்தமான பிள்ளைகளிடையே அவர்களைக் கலந்து அமர்த்துங்கள். பெற்றோர்களே, சிநேகத்தைத் தடைசெய்து அதை மறைவுக்கு விரட்டாமல், அந்தத் தோழனை உங்கள் வீட்டுக்கே அழைத்து, உங்கள் கண்ணெதிரே விளையாடவிடுங்கள்.