குழந்தையின் விரிந்த சிறுநீர்க் குழாய்

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், “பல் முளைக்கிறது” என்று தேற்றும் பாட்டிமார் தவளக்குப்பத்திலும் உண்டு. சளி இருமலின்றிக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருமாயின் சிறுநீரைச் சோதித்தல் வேண்டும். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் 7 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்திருந்தால், தேங்கும் நீரில் கிருமிகள் பெருகிச் சிறுநீரகத்தையே கெடுத்துவிடக்கூடும்.

கத்தி என்றதும் அஞ்ச வேண்டா. பிறவியிலேயே விரிந்த குழாய்களுள் பெரும்பாலானவை, குழந்தை வளர வளரத் தாமே சீராகின்றன. அதுவரை மருத்துவரின் கண்காணிப்பும் ஸ்கேன் பரிசோதனையும் தவறலாகாது. சிறுநீரகம் தளர்ந்தாலோ, கிருமித்தொல்லை ஓயாவிடிலோதான் அறுவை. குறுகிய நுனியை அகற்றி, தையற்காரர் சட்டைக் கையைச் சிறுக்குவதுபோல் குழாயை ஒடுக்கித் தைத்து, சிறுநீர்ப்பைச் சுவரினுள் சாய்வாகப் புகுத்துவர். பாஸ்டன் நகர மருத்துவர் ஹார்டி ஹென்ட்ரன் 1969-இல் இம்முறையை விளக்கி எழுதினார். பை நிறைகையில் அச்சாய்வுப் பகுதி அமுங்கி, சிறுநீர் மேலேறாது தடுக்கும்.

கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனையில் குழந்தைகள் அறுவைத் துறை உண்டு. பேறுகாலத்து ஸ்கேன் தாளையும் உடன் கொண்டு செல்க.