தலை நழுவிய விந்தணுக்கள்

விந்துப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் பலரும் முதலில் தேடுவது எண்ணிக்கையைத்தான். கோடிக்கணக்கில் இருந்துவிட்டால் பெருமூச்சு. ஆனால் நுண்ணோக்கியின் கீழ் வால்கள் மட்டும் துடிப்பாக நீந்த, தலைகளையே காணாத ஆண்களும் உண்டு. மிக அரிய குறை இது. விந்தணு உருவாகும் விதம் புரிந்ததில் இத்தகைய குறைகளுக்கு நிறையப் பங்குண்டு.

தொடக்கத்தில் விந்தணு ஓர் உருண்டைச் செல். கடைசிக் கட்டத்தில் அதன் உட்கரு சுருங்கி நீள்கிறது. டிஎன்ஏவைத் தாங்கிய ஹிஸ்டோன்களில் பெரும்பாலானவை விலகி, புரோட்டமைன் என்ற புரதங்கள் அந்த இழையை இறுக்கிக் கட்டுகின்றன. முன்பக்கம் முட்டையின் மேலுறையைத் துளைக்கும் நொதிகள் நிரம்பிய அக்ரோசோம் தொப்பியாகக் கவிகிறது; பின்பக்கம் வால் பொருந்துகிறது. தொப்பிக்கும் வாலுக்கும் பிடிமானம் தருவது உட்கரு உறை. பள்ளிப் பாடத்தில் "இரட்டைச் சவ்வு, துளைகள் உண்டு" என்று கடந்துபோகிறோமே, அதேதான்.

உறையின் உட்சவ்வில் சன் என்ற புரதக் குடும்பமும், வெளிச்சவ்வில் காஷ் என்ற குடும்பமும் இருக்கின்றன. சவ்வுகளுக்கு இடையே இரண்டும் கொக்கி போல மாட்டிக்கொள்வதால், வெளியே நுண்குழல்கள் இழுக்கும் விசை உட்கருவை எட்டுகிறது. குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் குன்றல் பிரிவில் குரோமோசோம் முனைகளை உறையோடு பிணைத்து, ஜோடி சேர உதவுவது சன்1. அது நீக்கப்பட்ட எலிகள் ஆணும் பெண்ணும் மலடானதாக 2007இல் ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். சன்4 இல்லாத ஆண் எலிகளில் தலை நீளாமல் உருண்டையாகவே நின்றுவிடுகிறது.

மனிதர்களில் உருண்டைத் தலைக்கு முக்கியக் காரணம் வேறு: டிபிஒய்19எல்2 என்ற உட்சவ்வுப் புரதத்தில் ஏற்படும் குறை. 2011இல் அடையாளம் காணப்பட்ட இந்தக் குறையில், பலருக்கு அந்த மரபணுவே முழுதாகக் காணாமல் போயிருந்தது. அக்ரோசோமைப் பிடித்துவைக்க ஆளில்லாததால் தொப்பி கழன்றுவிடுகிறது. தலையற்ற வால்களுக்கோ சன்5 மரபணுப் பிழைகள் ஒரு காரணம் என்பது 2016இல் தெரிந்தது. வாலைத் தலையோடு பொருத்தும் இடத்தில்தான் அந்தப் புரதம் இருக்கிறது.

இரண்டு குறைகளும் பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் மட்டுமே வெளிப்படும். அதனால் நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் வாய்ப்பு சற்றுக் கூடுதல்.

சிகிச்சையும் ஒன்றல்ல. சன்5 குறை உள்ளவர்களின் விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையில் குழந்தைகள் பிறந்திருக்கின்றன. தொப்பியில்லாத உருண்டைத் தலைக்கு அது மட்டும் பெரும்பாலும் போதாது. முட்டையை விழிக்கச் செய்யும் புரதமும் அதில் குறைவு என்பதால், கால்சியத்தை உயர்த்தும் மருந்து கொடுத்து முட்டையைத் தூண்ட வேண்டியிருக்கிறது.